10.41-க்குத் திரும்பிய படகு

சாப்பிடும்போது போன் வந்தால் எனக்குப் பிடிக்காது. அதுவும் திருவிடந்தையிலிருந்து வந்தால் சோறே இறங்காது. அங்கே மீனவர் சங்க அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெயப்பிரியா கூப்பிட்டால் இரண்டே சங்கதிதான் இருக்கும். ஒன்று, நெட் மெதுவாக இருக்கும். இல்லையென்றால் பிரிண்டரில் தாள் சிக்கியிருக்கும். இரண்டுக்கும் நான் என்ன செய்ய முடியும் என்று அவளிடம் பலமுறை கேட்டுவிட்டேன். அவளும் சலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றைக்கு ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு மணி ஆகப் பத்து நிமிடம் இருந்தது. கூடுவாஞ்சேரியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில்தான் எங்கள் அலுவலகம். முதலாளி பாலசுப்ரமணியன் சார், நான், இன்னும் மூன்று பேர். ஜாவாவில் இணையதளம் எழுதிக் கொடுப்பது தொழில். திருவிடந்தைக்கு எழுதிக் கொடுத்தவள் நான், ரூத். அதனால் போனை நான்தான் எடுக்க வேண்டும்.

"அக்கா, இங்க ஒரே பேஜாரா கீதுக்கா," என்றாள் ஜெயப்பிரியா. "எல்லம்மாக்கா ஜன்னலாண்ட நின்னுகினு போவ மாட்டேங்குது. அவங்க வூட்டுக்காரரு போட் இன்னும் வரலையாம். லிஸ்ட்ல வந்துட்டதா கீது."

"லிஸ்ட்ல வந்துட்டதா இருந்தா வந்துடுச்சுன்னுதான் அர்த்தம்."

"அதத்தான் நானும் சொன்னேன். தலைவரு உங்களாண்ட ஒருவாட்டி கேக்கச் சொன்னாரு. ஸ்பீக்கர்ல போடறேன்."

இந்த லிஸ்ட் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு படகு மதியத்துக்குள் கரைக்கு வரவில்லை என்றால், வீட்டு ஜனங்கள் வந்து அழுவார்கள், நாலு படகு தேடக் கிளம்பும். பாதி நாள் அந்தப் படகு காற்றுக்குப் பயந்து கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ ஒதுங்கியிருக்கும். ஆள் ஓட்டல்காரர்களிடம் மீனை விற்றுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். தேடப் போனவர்கள் திரும்பி வந்து சண்டை போடுவார்கள். ஒருமுறை இப்படி வீணாகத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், உண்மையிலேயே கவிழ்ந்த இன்னொரு படகுக்குப் போக ஆளில்லாமல் போனது. அதற்குப் பிறகு கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஐந்து ஊர்ச் சங்கங்களும் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டன. கடலுக்குப் போகும்போது பதிவு. ஐந்து ஊரில் எங்கே கரை சேர்ந்தாலும் பதிவு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைவர் லிஸ்ட்டைப் படிப்பார். வந்த படகு பச்சை, வராதது சிவப்பு. சிவப்பில் இருக்கும் படகைத் தேடி உடனே ஆள் போக வேண்டும். பச்சையில் இருக்கும் படகுக்கு யார் அழுதாலும் போகக் கூடாது.

அந்தச் சிவப்பையும் பச்சையையும் எழுதியவள் நான்.

ஸ்பீக்கரில் தலைவர் கோதண்டராமன் வந்தார். அறுபது வயசு இருக்கும், நிதானமான மனிதர். "இன்னாம்மா, கம்ப்யூட்டர்ல தப்பா ஏறிக்கிற சான்ஸ் இருக்குதா? சின்னராசு போட், பச்சைக்கிளின்னு பேரு. பத்து நாப்பத்தொண்ணுக்கு வந்துட்டதா காட்டுது. கரைல போட்டக் காணோம். அவன் வழக்கமா மாமல்லபுரத்துல ஏறி மீன வித்துட்டு வர்றவன். அங்க எவனாச்சும் போன்ல சொல்லி ஏத்தியிருப்பான்னு நெனைக்கிறோம்."

எனக்குத் தயிர்சாதம் காய்ந்துகொண்டிருந்தது. கோபம் வந்தால் எனக்கு ஒரு வாத்தியார் குரல் வரும். அந்தக் குரலில் சொன்னேன். "அண்ணே, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. தப்பு பண்றது எப்பவும் மனுஷங்கதான். மூணு பக்கம் தாண்டி, உறுதி செய்யின்னு அழுத்தினாதான் பச்சையா மாறும். தானா மாறாது."

"கேட்டியா எல்லம்மா?" என்றார் அவர். "எழுதின பொண்ணே சொல்லுது."

அப்போது தூரத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன். "அப்ப அவரு எங்கம்மா?" என்றது.

ஜெயப்பிரியா போனை வைத்துவிட்டாள்.

இரண்டு வாய் சாப்பிட்டேன். மூன்றாவதை டப்பாவிலேயே வைத்தேன். நான் சொன்னது சரி என்று எனக்கே ஒருமுறை காட்டிக்கொண்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கையைக் கழுவிவிட்டு சர்வரின் லாக்கைத் திறந்தேன். யார், எந்த நிமிடம், எந்தப் பக்கத்தில் எதை அழுத்தினார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதி வைக்கும். அதுதான் லாக். திருவிடந்தைக் கம்ப்யூட்டரின் வரிகளை மட்டும் பிரித்தெடுத்தேன்.

10.38, படகு தேர்வு, செல்லியம்மன்.

10.39, வந்த ஆட்கள், நான்கு பேர்.

10.40, படகு தேர்வு, பச்சைக்கிளி.

10.41, உறுதி செய்யப்பட்டது, பச்சைக்கிளி.

அந்த நாலு வரியையும் மறுபடி மறுபடி படித்தேன். என் ஃபார்மில் மூன்று பக்கம். முதல் பக்கத்தில் படகைத் தேர்வு செய்ய வேண்டும். இரண்டாவது பக்கத்தில் வந்த ஆட்களை டிக் அடிக்க வேண்டும். மூன்றாவது பக்கத்தில் உறுதி செய்ய வேண்டும். பச்சைக்கிளிக்கு முதல் பக்கம் இருக்கிறது, மூன்றாவது பக்கம் இருக்கிறது. இரண்டாவது பக்கத்தைக் காணோம். இரண்டைத் தாண்டாமல் மூன்றுக்குப் போக வழியே கிடையாது, நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். செல்லியம்மனுக்கோ அந்த நேரத்தில் முதல் இரண்டு பக்கம் மட்டும் இருக்கிறது, மூன்றாவது இல்லை.

ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டேன்.

"நீ எப்படி என்ட்ரி போடுவ? ஒண்ணு விடாம சொல்லு."

"எப்பவும் போலதான்க்கா. நெட் ஸ்லோ இல்ல? ஒரு போட்டுக்கு மூணு பக்கம் வர்றதுக்குள்ள ஜன்னலாண்ட பத்து பேரு கத்துவாங்க. அதனால அஞ்சாறு டேப் தொறந்து வெச்சுக்குவேன். ஒண்ணு லோட் ஆவுற நேரத்துல இன்னொண்ணுல போடுவேன்."

"காலைல பத்து நாப்பது வாக்குல செல்லியம்மன் போட்டுக்குப் போட்டுட்டிருந்த. நடுவுல பச்சைக்கிளி எதுக்குத் தொறந்த?"

கொஞ்சம் யோசித்தாள். "அதா? எல்லம்மாக்கா வந்து, எங்க போட் வந்துடுச்சா பாருன்னு கேட்டுச்சு. செல்லியம்மன அப்டியே வுட்டுட்டு, வேற டேப்புல பச்சைக்கிளிய தொறந்து பாத்தேன். வரலக்கான்னு சொல்லி அனுப்பிச்சேன். அப்பால செல்லியம்மன் டேப்புக்கு வந்து உறுதி குடுத்தேன். அது சரியா ஏறல போல, லிஸ்ட்ல செவப்பாவே இருந்துச்சு. பதினோரு மணிக்கு மறுபடியும் போட்டேன்."

"பச்சைக்கிளி பச்சையா மாறினத நீ பாக்கலையா?"

"பன்னண்டு மணிக்குத்தான்க்கா பாத்தேன். வேற ஊர்ல ஏறி இருப்பாரு, அங்கேர்ந்து போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டு, அந்த ஃபார்முக்கு நான் எழுதிய ஜாவாவைத் திறந்தேன்.

ஒரு பக்கத்தில் எழுதியதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவதற்கு ஜாவாவில் பல வழி இருக்கிறது. படகின் பெயரைப் பக்கத்துக்குள்ளேயே மறைத்து வைத்து, ஒவ்வொரு பக்கமும் கையோடு எடுத்துப் போகும்படி எழுதலாம். அது கொஞ்சம் வேலை. இன்னொன்று செஷன். ஒவ்வொரு ப்ரவுசருக்கும் சர்வர் ஒரு டிராயரை ஒதுக்கிக் கொடுக்கும். முதல் பக்கத்தில் வந்ததை அந்த டிராயரில் போட்டுவிட்டால் மூன்றாவது பக்கத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வரிதான். நான் அதைத்தான் எழுதினேன். ஆனால் எத்தனை டேப் திறந்தாலும் ப்ரவுசர் ஒன்றுதான், டிராயரும் ஒன்றுதான். அதில் கடைசியாக எந்தப் படகைப் போட்டார்களோ அதுதான் இருக்கும். ஜெயப்பிரியாவின் திரையில் செல்லியம்மன் என்று இருந்தது. டிராயரில் பச்சைக்கிளி இருந்தது. அவள் அழுத்தினாள், சர்வர் டிராயரிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டது. முடிந்ததும் படகின் பெயரையாவது காட்டியிருந்தால் அவள் கண்டுபிடித்திருப்பாள். 'பதிவு முடிந்தது' என்று மட்டும் எழுதியிருந்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன், பாவி.

நான் எழுதிய பிறகு சோதித்துப் பார்த்தேன். நூறு முறை சோதித்தேன். ஏ.சி. அறையில், ஒரே டேப்பில், பொறுமையாக. ஜன்னலுக்கு வெளியே பத்து பேர் கத்திக்கொண்டு நிற்கவில்லை.

மற்ற நாலு ஊர் வரிகளிலும் தேடினேன், பச்சைக்கிளி எதிலும் இல்லை. ஆக, சின்னராசுவும் அவரோடு போன இரண்டு பேரும் எந்தக் கரையிலும் ஏறவில்லை. ஏறிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. அவர் பெண்டாட்டி வந்து, வந்துவிட்டாரா என்று கேட்டாள். கேட்ட ஒரு நிமிடத்தில் அவர் வந்துவிட்டதாக ஆகிவிட்டது. பன்னிரண்டு மணியிலிருந்து அவர்களை யாரும் தேடவில்லை. இப்போது மணி இரண்டே கால். ஆறு மணிக்கு இருட்டிவிடும்.

பாலசுப்ரமணியன் சாரிடம் ஓடினேன். அவருக்குத் தலையும் காலும் புரிய இரண்டு நிமிடம் ஆனது. புரிந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "ரூத், லைவ் டேட்டாவுல கை வெச்சிடாத. அந்தப் பொண்ணு தப்பா அழுத்திட்டான்னு சங்கத்துலேர்ந்து ஒரு லெட்டர் வாங்கு. அப்புறம் மாத்தலாம்."

"அவ தப்பா அழுத்தல சார். சரியாத்தான் அழுத்தினா."

"எனக்கும் தெரியுது. நாளைக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். நானும்தான் பயந்துபோயிருந்தேன். ஆனால் என் பயத்துக்கு லெட்டர் வரும்வரை பொறுமை கிடையாது. டேட்டாபேஸைத் திறந்து பச்சைக்கிளியின் வரியில் 'திரும்பவில்லை' என்று மாற்றினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். பின்னால் வந்து நின்று பார்த்த சார், "சரி, மாத்து," என்றார். நான் மாற்றி முடித்திருந்தேன்.

திரும்பத் தலைவருக்குப் போன் போட்டேன். லிஸ்ட் சிவப்பாக மாறியதை அவர் பார்த்துவிட்டிருந்தார்.

"இன்னாம்மா இது? வந்துட்டான்னு காட்டுது, இப்ப வரலன்னு காட்டுது. மாத்தி மாத்திக் காட்டினா எவன் போட்ட எறக்குவான்? காத்து வேற அடிச்சிகினு கீது. நீதான சொன்ன, கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்ணே. கம்ப்யூட்டர எழுதினது நான், நான் எழுதினது தப்பு."

"அதெல்லாம் எங்களுக்கு இன்னா புரியும்? சின்னராசு மாமல்லபுரத்துலதான் கீறான். பசங்க அப்படித்தான் சொல்றானுங்க."

"எந்தப் பசங்கண்ணே பாத்தாங்க? பேரு சொல்லுங்க."

பார்த்தது யார் என்று அவர் பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டார், பேர் எதுவும் வரவில்லை.

"பத்து நாப்பதுக்கு எல்லம்மாக்கா வந்து கேட்டாங்க. அப்ப வரலன்னு ஜெயப்பிரியா பாத்துச் சொன்னா. நீங்களே அவளக் கேளுங்க. பத்து நாப்பத்தொண்ணுக்கு வந்துட்டதா ஆயிடுச்சு. ஒரே நிமிஷத்துல எப்படிண்ணே வரும்? மத்த நாலு ஊர்லயும் கேட்டுப் பாருங்க, யாரும் பச்சைக்கிளிக்குப் போட்டிருக்க மாட்டாங்க. நான் லாக்குல பாத்துட்டேன். அந்தப் போட் வரவே இல்ல."

தலைவர் போனைக் கையில் பிடித்தபடியே, "டேய், நாசமா போச்சுடா! போட்ட எறக்குங்கடா!" என்று கத்தினார். காது கிழிந்துவிடும் போலிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் போய் என்ன கிழிக்கப் போகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரியாது. உட்கார்ந்திருக்க முடியவில்லை. வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், கோவளத்தில் ஈ.சி.ஆரைப் பிடித்தேன். நான் வழக்கமாக ஜெபம் செய்கிறவள் இல்லை, அம்மா வற்புறுத்தினால் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போவதோடு சரி. அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் கர்த்தரிடம் பேரம் பேசிக்கொண்டே போனேன். மூன்று பேரையும் கொடுத்துவிடு, வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். கோவளம் திருப்பத்தில் கடலைப் பார்த்ததும் பேரம் நின்றுபோனது. வாடைக்காற்றில் கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. இதில் காலையிலிருந்து மூன்று பேர் என்று நினைத்ததும் வண்டியை இன்னும் முறுக்கினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. ஆறு படகு தேடப் போயிருந்தன. கரையில் ஊரே நின்றது. ஏலக் கொட்டகைக்கு அந்தப் பக்கம், வலைக் குவியலின் மேல் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு போன், அதில் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த ரெக்கார்டிங் குரல் கேட்டது, தொடர்புகொள்ள முடியவில்லை என்று. யாரும் சொல்லாமலே எனக்கு எல்லம்மாளைத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எந்த ஊரு கண்ணு?"

"கூடுவாஞ்சேரி."

"இங்க இன்னாத்துக்கு வந்த?"

சும்மா வந்தேன் என்றேன். ஒன்றரை மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கண்டுபிடித்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், கடலில் இருப்பவர்களைப் பற்றிய பயம் ஒரு பக்கம். முதல் பயம் வந்ததற்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. இடையில் ஒருமுறை தன் பாட்டிலிலிருந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஐந்தரைக்கு ஒரு படகு வந்தது. கரையிலிருந்தவர்கள் தண்ணீருக்குள் ஓடினார்கள். இரண்டு பேரைத் தூக்கி இறக்கினார்கள். ஒருவர் சின்னராசுவின் தம்பி, கால் ஒடிந்து தொங்கியது. அடுத்தது எல்லம்மாளின் அண்ணன். அவருக்குப் பல் கிட்டிப் பேச்சு வரவில்லை. எல்லம்மாள் படகுக்குள் எட்டிப் பார்த்தாள். படகு காலியாக இருந்தது.

"அவரு எங்கண்ணா?"

போர்வையைப் போர்த்தி, சூடாக ஏதோ குடிக்க வைத்த பிறகுதான் அவரால் சொல்ல முடிந்தது. ஒன்பதரைக்கு என்ஜின் நின்றுவிட்டது. அலை புரட்டிப் போட்டது. தம்பியின் கால் படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மூன்று பேரும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் எங்களுக்குத் தைரியம் சொல்லிகினே இருந்தாரு. பன்னண்டு மணிக்கு லிஸ்ட் படிப்பாங்க, நம்ம பேரு செவப்புல வரும், ஒண்ணரைக்குள்ள போட் வந்துடும் பாருன்னு. ஒண்ணரை ஆச்சு. வரல. ரெண்டு மணி வரைக்கும் பாத்தாரு. வாச்சு கட்டிகினு இருந்தாரே, அதையே பாத்துகினு இருந்தாரு. நம்மள எவனும் தேடலடா, நான் போய் ஆளக் கூட்டியாறேன்னு டீசல் கேன கட்டிப் புடிச்சுகினு எறங்கிட்டாரு. புடிச்சி நிறுத்தலாம்னா தம்பிய வுட முடியல."

இரண்டு மணிக்கு நான் வாத்தியார் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.

படகுகள் மறுபடி கிளம்பின. எல்லம்மாள் ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைவர் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இரண்டிலிருந்து ஆறு வரை எத்தனை மணி நேரம் என்பதைத்தான் விரல்விட்டு எண்ணினார்.

ஆறேகாலுக்கு ஜெயப்பிரியா அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. தெற்கே பட்டிபுலத்திலிருந்து போன். அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், கேனோடு ஒதுங்கிய ஒருவரைத் தூக்கியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. பெயர் கேட்டால் சொல்லவில்லை. திருவிடந்தை, திருவிடந்தை என்று மட்டும் சொல்கிறார். கையில் வாட்ச் இருக்கிறது.

எல்லம்மாள் எழுந்தாள். "எவன் சொன்னான்? பாத்தானா? கண்ணால பாத்தானா?" என்று ஜெயப்பிரியாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கம்ப்யூட்டர்ல சொல்றியா, மனுஷன் சொன்னானா?"

"மனுஷன்தான்க்கா. மனுஷன்தான் போன் பண்ணான்."

சின்னராசு பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் தண்ணீர் போய், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் படுத்திருந்தார். மூன்றாம் நாள் நான் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று அதற்குள் தெரிந்திருந்தது. எழுந்து போகவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு," என்றாள். "நான் வந்து கேட்டப்ப வரலன்னுதான அந்தப் பொண்ணு பாத்துச் சொல்லிச்சு. அப்பால எப்டி வந்துட்டதா ஆச்சு?"

என் தப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். பாலசுப்ரமணியன் சார்கூட அப்படித்தான் சொல்லச் சொன்னார். ஆனால் திரையில் படகின் பெயரைக் காட்டாமல் விட்டுத்தானே இவ்வளவும் வந்தது என்று எனக்கு ஒரு வீம்பு. எல்லாவற்றையும் சொன்னேன். டேப், டிராயர், ஜெயப்பிரியா அவளுக்காகத் திறந்து பார்த்தது, அதற்குப் பிறகு அழுத்தியது. அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"அப்ப, நான் வந்து கேட்டதாலதானா?"

"இல்லக்கா. நான் தப்பா எழுதினதால."

"கேக்காம இருந்திருந்தா செவப்பாவே இருந்திருக்கும். பன்னண்டு மணிக்கே தேடப் போயிருப்பாங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பொய் வரவில்லை. அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே தப்பைச் சரிசெய்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு டேப்புக்கும் தனி எண். படகின் பெயர் பக்கத்தோடு பக்கமாகப் போகும். பதிவு முடிந்தால் எந்தப் படகு என்று பெரிய எழுத்தில் வரும். இருபது டேப் திறந்து வைத்து, ஜெயப்பிரியாவையும் நாலு பேரையும் பக்கத்தில் கத்தச் சொல்லிச் சோதித்துப் பார்த்தேன். வேலையை விடவில்லை. கர்த்தரும் இதுவரை கேட்கவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில், மீன்பிடித் தடைக்காலம் வருமுன், ஒரு காலையில் திருவிடந்தைக்குப் போயிருந்தேன். சின்னராசு மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பெண்கள் கூட்டம், எங்க போட் வந்துச்சா, எங்க போட் வந்துச்சா என்று ஒரே சத்தம். எல்லம்மாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஐஸ் உடைக்கும் இடத்துக்கு அப்பால் தனியாக, கடலைப் பார்த்து நின்றிருந்தாள்.

"அது இப்பல்லாம் ஜன்னலாண்ட வர்றதே இல்லக்கா," என்றாள் ஜெயப்பிரியா. "போன்லயும் யாரையும் கேக்காது. பக்கத்து வூட்டுக்காரங்களக்கூட கேக்காது. சும்மா வந்து நிக்கும்."

நான் இறங்கிப் போனேன். "எல்லம்மாக்கா, இப்ப சரி பண்ணிட்டேன். நல்லா பாத்துட்டேன். நீங்க கேக்கலாம். கேட்டா ஒண்ணும் ஆகாது."

"சரி கண்ணு," என்றாள். கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

மணி ஒன்பது. ஒன்பது பத்து. எனக்கும் ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டு, பச்சைக்கிளி வேறு ஊரில் ஏறியிருக்கிறதா பார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. அதை எழுதியவள் நான். சோதித்தவள் நான். ஒன்றும் ஆகாது என்று இப்போதுதான் சொன்னேன். ஆனாலும் கேட்க வாய் வரவில்லை.

ஒன்பது இருபதுக்குப் படகு தெரிந்தது. எல்லம்மாள் அசையவில்லை. படகு மணலில் ஏறி, ஒருவர், இரண்டு பேர், மூன்று பேர் இறங்கியதை எண்ணிப் பார்த்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அதுவரைக்கும் அவளும் வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.